பனிமயதாஸின் குரல்

பழைய இசைத்தட்டுகளின் மீது பித்துக்கொண்டோர் எந்த நாட்டினராயினும், அவர்களுக்குள் நிகழும் சண்டை ஏறக்குறைய ஒன்றுதான். இங்கிலாந்தின் ஸ்டௌர்பிரிட்ஜ் என்னும் ஊரில் 1976இல் தொடங்கிய டயமண்ட் ஹெட் என்ற ஹெவி மெட்டல் குழுவை எடுத்துக்கொள்வோம். 1980இல் அவர்கள் தாமே வெளியிட்ட முதல் இசைத்தட்டின் உறையில் படம்கூடக் கிடையாது. வெறும் வெள்ளை அட்டை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மெட்டாலிகா குழுவினர் அவர்களுடைய பாடல்களை எடுத்து வாசித்த பிறகே பலருக்கு அந்தப் பெயர் தெரியவந்தது. அன்றிலிருந்து வழக்கு நடக்கிறது. இவர்கள் லெட் ஜெப்பலினின் நிழல்தானே என்பார் ஒரு சாரார். இவர்கள் இல்லாமல் பின்னவர்கள் ஏது என்பார் மறுசாரார். முதலில் செய்தவர் யார், யாரைப் பார்த்து யார் செய்தார் என்னும் இந்த இரண்டு கேள்விகளுக்கு இடையே, பாட்டு எப்படி இருக்கிறது என்ற மூன்றாவது கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

முத்துக்குளித்துறையில் பிறந்த ஒருவரைப் பற்றியும் தமிழ்த் திரையிசை ரசிகர்களிடையே இப்படியொரு வழக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலுவையில் இருக்கிறது. ஜே. பி. சந்திரபாபுவைத் தெரியாதவர் இல்லை. ஆயினும் பாடகர் சந்திரபாபுவை எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய நடனத்தையும் கோணல் தொப்பியையும் நினைவில் வைத்திருப்போர், அவருடைய குரலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதுண்டா? அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அவர் வாழ்வின் துயரத்தைச் சொல்வது. மணவாழ்வின் முறிவு, எழுப்பிய மாளிகையின் இழப்பு, கையைக் கடித்த படத்தயாரிப்பு, 1974இல் நேர்ந்த மரணம். இவையெல்லாம் சொல்லத் தக்கவையே. ஆனால் கண்ணீர்க் கதை பெருகப் பெருகக் குரல் அதன் அடியில் அமிழ்ந்துவிட்டது. அந்தக் குரலை மட்டும் இங்கே பேச விரும்புகிறேன்.

குரலின் மீதான குற்றச்சாட்டு எளிமையானது. அது அந்நியக் குரல். மேலை நாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகியது. யோடலிங் என்னும் வித்தையைத் தமிழில் கொண்டுவந்து காட்டியது. வித்தை வித்தைதான், இசை ஆகாது. ஆதரிப்போரின் பதிலோ இன்னும் எளிமையானது: தமிழில் யோடலிங்கை முதலில் பாடியவர் அவரே, ஆகவே மேதை. முதலில் செய்தார் என்பதைச் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுகிறவர்களும், பார்த்துச் செய்தார் என்பதைக் குறைக்குச் சான்றாகக் காட்டுகிறவர்களும் ஒரே தராசின் இரு தட்டுகளில் நிற்பவர்கள்தாம்.

யோடலிங் என்றால் என்ன? மனிதக் குரலுக்கு நெஞ்சிலிருந்து எழும் கனத்த தளம் ஒன்று, அதற்கு மேலே மெல்லிய பொய்க்குரல் தளம் ஒன்று என இரண்டு இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும்போது குரல் உடைகிறது. நம் கர்நாடக இசைப் பயிற்சியின் பெரும்பகுதி இந்த உடைவு தெரியாமல் மூன்று ஸ்தாயிகளையும் ஒரே இழையாக ஓட்டுவதற்கானது. கமகம் என்பதே சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரவுவது. யோடலிங் இதற்கு நேர் எதிர். உடைவை மறைக்காமல் அதையே அலங்காரமாக்கி, இரு தளங்களுக்கிடையே குரலை விரைவாகத் தாவச் செய்கிறது. ஆல்ப்ஸ் மலையின் மேய்ப்பர்களிடம் நெடுங்காலமாக வழங்கிவந்த இந்த முறையை அமெரிக்க நாட்டுப்புற இசையில் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜிம்மி ரோட்ஜர்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்த அவர், டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் தம் முதல் பாடல்களைப் பதிவு செய்தது 1927 ஆகஸ்ட் மாதத்தில். அதே 1927 ஆகஸ்டில்தான் தூத்துக்குடியில் சந்திரபாபு பிறந்தார். தற்செயல்தான், ஆனால் இப்படிப்பட்ட தற்செயல்களைக் கண்டால் ரசிகர்களாகிய நாம் கைவிடுவதில்லை.

அவருக்கு இட்ட பெயர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. கடற்கரையில் நிற்கும் பனிமய மாதா ஆலயத்தின் பெருவிழா ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 5ஆம் நாள் நிறைவுறும். இக்கடற்கரையின் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கம் தழுவியவர்கள். பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தது 1542இல். அதன் பிறகு பெர்னாண்டோவும் மச்சாதோவும் ரொட்ரிகஸும் இங்கே தமிழ்ப் பெயர்களாகவே ஆகிவிட்டன. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்று அது. கடல்வழி வந்ததை வாங்கித் தமிழாக்கிக்கொள்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கடற்கரையில் பிறந்தார், தேவாலயப் பாட்டைக் கேட்டு வளர்ந்தார், ஆகவே மேலையிசை அவர் இரத்தத்தில் ஊறியது என்று எழுதுவது அழகாக இருக்கும். சிலர் அப்படி எழுதவும் செய்வர். ஆனால் காலக்கணக்கு இடம் தரவில்லை. அவருடைய தந்தை ஜோசப் பிச்சை ரொட்ரிகஸ் 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்திய தேசியவாதி. ஆங்கில அரசின் நடவடிக்கையால் 1929இல் அக்குடும்பம் கொழும்புக்குப் பெயர நேர்ந்தது. அப்போது குழந்தைக்கு வயது இரண்டு. ஆகவே தூத்துக்குடி அவருக்குக் கொடுத்தவை ஒரு பெயரும், ஒரு கப்பல் வழியும்தான்.

அந்தக் கப்பல் வழி சாதாரணமானதன்று. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் கப்பல் விட்ட அதே தூத்துக்குடி–கொழும்பு வழி அது. தேசியத்தின் பெயரால் திறக்கப்பட்ட அந்தக் கடல்வழியே, தேசியவாதி ஒருவரின் குடும்பம் நாடுகடந்து போனது. கொழும்பு அன்று கீழைக் கடலின் பெருந்துறைமுகங்களில் ஒன்று. வானொலி அங்கே 1925இலேயே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. போர்த்துக்கீசியரும் ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற தாளங்களிலிருந்து உருவான பைலா இசையின் நகரம் அது. ஒரு பையன் இரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை, அதாவது காது உருவாகும் பருவம் முழுவதும், அங்கே வளர்ந்தான். 1943இல் குடும்பம் சென்னைக்கு வந்தபோது வந்து சேர்ந்தவர் தமிழ் பேசும் ஒரு கொழும்பு இளைஞர். அவர் காதுக்கு மேலையிசை இரவல் பொருளாக இருந்திருக்க வழியில்லை. அவர் முதலில் கேட்ட ஒலிகளில் அதுவும் ஒன்று. 1947இல் 'தன அமராவதி' படத்தில் அவர் முகம் காட்டினார்.

அவர் பாடிப் புகழ்பெற்ற காலத்தையும் கவனிக்க வேண்டும். 1952 முதல் 1962 வரை இந்திய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். திரைப்பாடல்கள் மேலைநாட்டு மோகத்தால் கெட்டுவிட்டன என்பது அவருடைய திடமான எண்ணம். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் குறைக்கப்பட்டு, பிறகு ஏறக்குறைய இல்லாமலே போயின. விளைவு, நாடு முழுவதும் இலங்கை வானொலியைத் திருப்பினார்கள். விவித் பாரதி 1957 அக்டோபரில் தொடங்கப்பட்டதற்கு இதுவே முதற் காரணம். தென்கோடிக் கரைக்கு இலங்கை வானொலி அண்டை வீட்டுப் பேச்சைப்போலத் தெளிவாகக் கேட்கும். கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த குரல், கொழும்பிலிருந்து காற்றேறித் தூத்துக்குடிக்குத் திரும்பியது. கேஸ்கர் அமைச்சராக இருந்த அந்தப் பத்தாண்டுகளே சந்திரபாபு பாடிய பொற்காலமும். அந்நியக் குரல் என்ற குற்றச்சாட்டு ரசிகர் சண்டையாக மட்டும் இருக்கவில்லை. அதன் பின்னால் ஓர் அரசாங்கக் கொள்கையே நின்றது.

மேலையிசையைத் தமிழ்க் காது எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு இதே மாவட்டத்தில் மூத்த சாட்சி ஒன்று உண்டு. எட்டயபுரம். முத்துஸ்வாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அவர் சமாதி இருப்பதும் அங்கே. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவர். அந்தக் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சானது. அண்ணன் தீட்சிதர், ஆங்கிலேய பாண்டு வாத்தியங்களில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டும் அவற்றில் ஒன்று.

இந்த இரண்டு வரவுகளின் கதி வேறுபட்டதைப் பாருங்கள். வயலினைத் தரையில் அமர வைத்தார்கள், சுருதியை மாற்றினார்கள், கமகம் கற்றுக்கொடுத்தார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்; அதை அந்நிய வாத்தியம் என்று சொன்னால் சிரிப்பார்கள். நோட்டுஸ்வரங்களோ கமகம் இல்லாத வெற்றுச் சுரங்களாகவே நின்றன. அவற்றை யாரும் தள்ளவில்லை. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு உகந்தவை என்று சொல்லிக் கீழ்த்தட்டில் வைத்தார்கள். தீட்சிதரின் பெயர் இருந்தும் அவை நெடுங்காலம் மேடையின் நடுவுக்கு வரவில்லை.

மாற்றிக்கொள்ள முடிந்த அந்நியத்தை நாம் சொந்தமாக்குகிறோம். மாற்ற முடியாத அந்நியத்தை விரட்டுவதில்லை. விளையாட்டு என்று பெயரிட்டு ஓரமாக வைத்துக்கொள்கிறோம். சங்கீதத்தில் அந்த ஓரம் குழந்தைப் பாட்டு. சினிமாவில் அந்த ஓரம் நகைச்சுவை. சந்திரபாபுவின் குரலுக்கு நேர்ந்தது இதுதான் என்பது என் எண்ணம். அவரை யாரும் நிராகரிக்கவில்லை. எல்லோரும் ரசித்தார்கள், ஆனால் ஓரத்தில் வைத்து ரசித்தார்கள்.

சான்றுக்கு 1954ஆம் ஆண்டு. அவ்வாண்டு வெளிவந்த ஏவி.எம்.மின் 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்காகச் சந்திரபாபு பின்னணி பாடினார். கல்யாணத்தைப் பற்றிய அந்தச் சிரிப்புப் பாட்டுக்கு இசை ஆர். சுதர்சனம். பாலசந்தர் யார்? சந்திரபாபு பிறந்த அதே 1927இல் பிறந்தவர். அதே 1954இல் பாடலே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கியவர். பிற்பாடு வீணை பாலசந்தர் என்றே உலகம் அறிந்தவர். இத்தனை கூர்மையான செவியுடைய ஒருவருடைய வாயசைவுக்கு அந்தக் குரல் கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொருவருடைய உடம்பில் ஏறி நிற்கும் வலு அக்குரலுக்கு உண்டு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. 'அவர் பாட்டு அவர் ஆட்டத்தோடு சேர்ந்தால்தான் எடுபடும்' என்கிற ரசிகர்கள் இந்தப் பாட்டை மறந்துவிட்டே பேசுகிறார்கள்.

ஆனால் அதே 1954இல்தான் டி. எம். சௌந்தரராஜன் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜி கணேசனுக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். அதன் பிறகு தமிழ்க் கதாநாயகனின் குரல் எது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. கனத்த, நிறைந்த, உடையாத குரல். டி.எம்.எஸ்.ஸின் மேதைமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கதவு திறந்த அதே ஆண்டில் இன்னொரு கதவு சாத்தப்பட்டது.

வடக்கே நடந்ததை இதனுடன் ஒப்பிடலாம். 1929இல் பிறந்த கிஷோர் குமாரும் யோடலிங் பாடியவர். ஜிம்மி ரோட்ஜர்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகியவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அவரும் நகைச்சுவை நடிகர். அவரும் முறையாகச் சங்கீதம் பயிலாதவர். ஆனால் 1948இலேயே 'ஜித்தி' படத்தில் தேவ் ஆனந்துக்குப் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நடுவில் நகைச்சுவைப் படங்களில் ஓடித் திரிந்தாலும், 1969இல் 'ஆராதனா' வந்தபோது ராஜேஷ் கன்னாவின் குரலாகி, ஒரு தலைமுறையின் காதல் குரலாகவே ஆகிவிட்டார். உடைந்து தாவும் அந்தக் குரல் காதலைச் சொல்ல முடியும் என்று பம்பாய் நம்பியது. கோடம்பாக்கம் நம்பவில்லை. இருவரில் யார் பெரியவர் என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போக விரும்பவில்லை. ஒருவருக்குக் கிடைத்த பரப்பு மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

'புதையல்' (1957) படத்தில் இந்தப் பிரிவினை ஒரே இசைத்தட்டுத் தொகுதிக்குள்ளேயே கேட்கக் கிடைக்கிறது. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. சிவாஜிக்காகச் சி. எஸ். ஜெயராமன் சுசீலாவுடன் பாடியது கடற்கரைக் காதல் பாட்டு. சந்திரபாபு தமக்காகப் பாடிய 'உனக்காக' பாட்டும் காதல் பாட்டுத்தான். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். முன்னதைக் காதல் என்றும் பின்னதை நகைச்சுவை என்றும் வகைப்படுத்தியது பாட்டிலுள்ள எதுவும் அன்று, பாடுகிறவர் யார் என்பதே. இரண்டு வருடம் கழித்து வந்த 'சகோதரி'யில் இது இன்னும் அப்பட்டம். படம் முடிந்தபின் விறுவிறுப்புப் போதவில்லை என்று கருதிச் சந்திரபாபுவின் பால்காரப் பாத்திரத்தைத் தனியே எடுத்துச் சேர்த்தார்கள். தம்மை முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் பாட்டு படத்தையே தூக்கி நிறுத்தியது. ஆயினும் அது ஒட்டுப்போட்ட துணிதான்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் வாதாடவில்லை. 'மரகதம்' (1959) படத்தின் 'குங்குமப் பூவே'யை அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். அதில் பாதி வேலையை ஜமுனாராணி செய்துவிடுகிறார், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் துள்ளும் தாளம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. 'பம்பரக் கண்ணாலே' கேட்கச் சுகம், மறுபடி கேட்டால் அதே சுகம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எனக்கு அவருடைய கலை தெளிவாகத் தெரிவது வேகம் குறைந்த பாடல்களில். 'குமார ராஜா'வில் (1961) டி. ஆர். பாப்பா இசையில் உலகம் ஒன்றும் புரியவில்லை என்று வியக்கும் பாட்டு, 'அன்னை'யில் (1962) புத்தியையும் வெற்றியையும் எடைபோடும் பாட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக 1960இல் கண்ணதாசன் தயாரித்துச் சந்திரபாபு கதாநாயகனாக நடித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தின் 'பிறக்கும்போதும்' பாட்டு.

இவற்றைப் பற்றி எதிர்த்தரப்பினர் ஒரு நல்ல வாதம் வைக்கிறார்கள். இவற்றின் சிறப்பு கண்ணதாசனின் சொல்லில் இருக்கிறது, பாடகர் கருவிதான் என்று. பதில் சொல்லத் தக்க வாதம். தத்துவப் பாட்டைத் தமிழ்த் திரையில் பாடுவதற்கென்று ஒரு முறை அன்றே உருவாகிவிட்டது: குரலை உயர்த்தி, சொல்லுக்குச் சொல் அழுத்தம் கொடுத்து, கேட்பவருக்கு உபதேசம் செய்வதைப்போலப் பாடுவது. சந்திரபாபு அப்படிப் பாடுவதில்லை. குரலைத் தாழ்த்தி, பேச்சுக்கு அருகில் வைத்து, ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வரும்வரை உள்ள மௌனத்தை மதித்துப் பாடுகிறார். மேலைநாட்டில் ஒலிவாங்கி வந்த பிறகு உருவான முறை இது. அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் நீங்கியபின் பாடகன் காதருகே வந்து பேசத் தொடங்கியதன் விளைவு. சந்திரபாபு இதைத் தமிழ் உச்சரிப்புக்கு எந்தச் சேதமும் இல்லாமல் செய்தார். கொழும்பில் படித்து, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசிய அந்த மனிதர் பாடும்போது ஒரு லகரமோ ழகரமோ நழுவுவதில்லை. யோடலிங்கிலும் இதே ஒழுங்குதான். சொல்லை முழுமையாகச் சொல்லி முடித்துவிட்டு, பொருளற்ற அசைகளின் மேல்தான் குரலை உடைக்கிறார். உடைவு தமிழ்ச் சொல்லைத் தொடுவதில்லை. பார்த்துச் செய்தவர் என்று சொல்பவர்கள் இந்த எல்லைக்கோட்டை யாரைப் பார்த்துச் செய்தார் என்று காட்ட வேண்டும்.

'கவலை இல்லாத மனிதன்' கண்ணதாசனுக்குப் பெரும் நஷ்டத்தைக் கொடுத்தது. அதன் பிறகு கதாநாயகனாகிய சந்திரபாபுவைத் தமிழ்த் திரை அதிகம் சோதிக்கத் துணியவில்லை. 1966இல் அவரே இயக்கி நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' வந்தது. அந்தக் கதவும் திறக்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பும் அதற்குச் சற்று முன்னரே, 1961உடன் நின்றுபோயிருந்தது.

'பிறக்கும்போதும்' பாட்டில் யோடலிங் இல்லை, துள்ளல் இல்லை, அவருக்கே உரிய கோமாளித்தனம் எதுவும் இல்லை. படத்தை ஒருமுறையேனும் பார்க்காமல், பாட்டை மட்டும் இரவு நேரத்தில் தனியே கேட்க வேண்டும். அவருடைய ஏனைய பாட்டுகளில் இரு தளங்களுக்கிடையே தாவி விளையாடிய அதே குரல் இங்கே கீழ்த் தளத்தை விட்டு எழாமல் நிற்கிறது. எழ முடியும் என்று நமக்குத் தெரியும். எழப்போகிறது என்று காதும் காத்திருக்கிறது. பாட்டு முடியும்வரை அது எழுவதில்லை.